கற்பூரப் புகை சொல்லும் காற்றுக் கணக்கு

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை கோயில் வாசலில் ஒருவர் கற்பூரம் ஏற்றுகிறார். இலைகூட அசையாத நேரம். கரும்புகை நூல் பிடித்ததுபோல் நேராக எழுகிறது. ஒரு முழம் போனதும் நெளிகிறது. பிறகு சுருள் சுருளாகக் கலைந்துவிடுகிறது. அப்படிக் கலைப்பதுதான் கொந்தளிப்பு. 1883-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் ஓடும் தண்ணீரில் சாயம் விட்டு ஆராய்ந்ததும் இதைத்தான்.

பகலில் வெயில் பாறையைச் சுட, சூடான காற்று மேலே எழும். குளிர்ந்தது கீழே இறங்கும். இந்தக் கலக்கம் 1 முதல் 2 கிலோமீட்டர் உயரம்வரை எட்டும். 814 மீட்டர் உயரமுள்ள அண்ணாமலை அதற்குள் முழுகிவிடும். இரவில் தரை குளிர்ந்தால், கலக்கம் நிகழும் காற்றடுக்கு சில நூறு மீட்டராகச் சுருங்கும். சரிவில் குளிர்ந்த காற்று கனத்து அடிவாரத்துக்கு வழிந்து வரும். அடிவாரத்தில் ஒரு காற்று, தீபம் எரியும் உச்சியில் வேறொரு காற்று.

இந்தக் கொந்தளிப்பைக் கணினி எப்படிக் கணக்கிடும்?

வானிலை மாதிரி நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரிக்கும். 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த 'பாரத்' முன்னறிவிப்பு முறையில் ஒரு கட்டம் 6 கிலோமீட்டர். கிரிவலப் பாதையின் நீளமே சுமார் 14 கிலோமீட்டர்தான். அதை வட்டமாகக் கொண்டால் குறுக்களவு நாலரை கிலோமீட்டர். மலை மொத்தமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அதற்குள் மில்லிமீட்டர் அளவிலிருந்து கிலோமீட்டர் அளவுவரை சுழல்கள். ஒவ்வொன்றாகப் பின்தொடர எந்தக் கணினியாலும் ஆகாது.

அதனால் சுழல்களின் மொத்த விளைவை மட்டும் சூத்திரத்தால் மதிப்பிடுகிறார்கள். உயரத்துக்கு உயரம் காற்றின் வேகம் மாறுவது கொந்தளிப்பைத் தூண்டும். கனத்த குளிர்காற்று கீழே தங்குவது அதை அடக்கும். இந்த இழுபறியை அளப்பது ரிச்சர்ட்சன் எண். அது சுமார் 0.25-க்குக் கீழே இறங்கினால் சீரான காற்று குலையத் தொடங்கும். 1954-இல் ரஷ்யர்களான மோனினும் ஒபுகோவும் தரையை ஒட்டிய காற்றுக்கு வகுத்த கோட்பாடு இன்றும் மாதிரிகளில் புழங்குகிறது.

சூத்திரத்தில் இடும் எண்கள் களத்திலிருந்துதான் வர வேண்டும். 1990-இல் 'மான்ட்பிளக்ஸ்' ஆய்வுக்காக ஜோத்பூர், டெல்லி, வாரணாசி, கரக்பூர் ஆகிய ஊர்களில் 30 மீட்டர் கோபுரங்கள் நட்டு, பருவமழைக் காலக் காற்றை அளந்தார்கள். ஒலித்துடிப்பு காற்றினூடே செல்லும் நேரத்தைக் கொண்டு, நொடிக்குப் பத்துமுறைக்கு மேல் வேகத்தை அளக்கும் கருவிகளும் இன்று உள்ளன.

மோனின்–ஒபுகோவ் கோட்பாடு சமநிலத்துக்காக எழுந்தது. சரிவில் அது தடுமாறும். மலையடிவார ஊர்களிலும் இத்தகைய கருவிக் கோபுரங்கள் நிற்க வேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இந்த வேலையைக் கையில் எடுக்கட்டும்.