இரத்தப் பரிசோதனைத் தாளை வாசிப்பது எப்படி?

நோயுற்றோரைக் காண நாம் செல்லும் இல்லங்களில், இப்போதெல்லாம் நலம் விசாரித்து முடிக்கும் முன்னரே நம் கையில் ஒரு தாளைக் கொடுத்துவிடுகின்றனர். அது பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த இரத்தப் பரிசோதனைத் தாள். “சாமி, இந்த எண்ணை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்களே, ஆபத்தா?” என்று கலங்கிய முகத்துடன் வினவுகின்றனர். வேறு சில இல்லங்களிலோ அதே தாள் பிரித்தும் பாராமல் அலமாரியில் உறங்குகிறது. ஓரிடத்தில் வீண் அச்சம். மற்றோரிடத்தில் வீண் அலட்சியம். இரண்டிற்கும் காரணம் ஒன்றே: அத்தாளை வாசிக்க எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை. மருத்துவரின் பணியை நாம் மேற்கொள்ளல் ஆகாது. ஆயினும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் சில உண்டு.

இயல்பான அளவு என்பது யாது?

தாளில் பரிசோதனையின் பெயரும், நமக்குரிய அளவும், அதனருகே இயல்பான அளவின் எல்லையும் அச்சிடப்பட்டிருக்கும். இவ்வெல்லையை வகுப்பது எவ்வாறு? நலமுடன் வாழும் பலரது இரத்தத்தைச் சோதித்து, அவர்களுள் 100க்கு 95 பேர் அடங்கும் எல்லையையே பொதுவாக இயல்பான அளவெனக் குறிக்கின்றனர். அங்ஙனமாயின், நலமுள்ள 100 பேரில் 5 பேர் எந்நோயுமின்றியே எல்லைக்கு வெளியே நிற்பர் அன்றோ? ஒன்றோடொன்று தொடர்பற்ற 20 பரிசோதனைகளை ஒரே நாளில் செய்துகொள்ளும் நலமுள்ள ஒருவருக்கு, அவற்றுள் ஒன்றேனும் எல்லை மீறிக் காட்டுவதற்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. எனவே தடித்த எழுத்தைக் கண்டவுடன் நடுங்க வேண்டுவதில்லை. எல்லையைச் சிறிதே கடந்த அளவும், வெகுதூரம் கடந்த அளவும் ஒன்றல்ல.

சர்க்கரை, கொலஸ்ட்ரால் போன்றவற்றிற்கு வேறு முறை உண்டு. எந்த அளவிற்கு மேல் உடலுக்குத் தீங்கு மிகுகிறது என்பதை ஆராய்ந்தே அவற்றின் எல்லையை வகுத்துள்ளனர். ஆகவே, “ஊரில் எல்லாருக்கும் இப்படித்தானே இருக்கிறது” என்று அவற்றைத் தள்ளிவிடுதல் தகாது.

இல்லத்தரசியின் ஹீமோகுளோபின்

உடலெங்கும் பிராணவாயுவைச் சுமந்து செல்வது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் இது வயது வந்த ஆடவருக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்டிருக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 8 கிராமுக்கும் கீழே இறங்கினால் அது கடுமையான இரத்தசோகை.

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்டிரில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டில் 53 விழுக்காடு. அதே வயதுடைய இந்திய ஆடவரிலோ 25 விழுக்காடே. இவ்வேறுபாட்டிற்கு மாதவிடாயும் மகப்பேறும் காரணங்கள் என்பது உண்மையே. ஆனால் அனைவருக்கும் பரிமாறிய பின் எஞ்சியதை உண்ணும் வழக்கத்தையும், “பெண்களுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்” என்று சொல்லித் தாளை மடித்து வைக்கும் வழக்கத்தையும் நாம் மறைத்தல் இயலுமா? கணவருக்குச் சர்க்கரை சற்று ஏறினால் மறுநாளே மருத்துவமனைக்கு ஓடும் குடும்பம், 8 கிராம் ஹீமோகுளோபினோடு தண்ணீர்க் குடம் சுமந்து மூச்சிரைக்கும் தாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அதே தாளில் ‘எம்.சி.வி.’ என்றொரு வரி இருக்கும். அது சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் குறிப்பது. அது 80க்குக் குறைந்திருப்பின் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவையும், சில வேளைகளில் தலசீமியா போன்ற பரம்பரைக் குறைபாட்டையும் சுட்டும். 100க்கு மேற்படின் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவையும் ஐயுறலாம். ஆகவே இரத்தசோகை அனைத்திற்கும் மருந்து ஒன்றன்று.

பீட்ரூட்டின் சிவப்பு நிறம் இரத்தமாக மாறுவதில்லை. ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றின் இரும்புச்சத்து எளிதில் உடலிற் சேரும். கீரை, பருப்பு வகைகளில் உள்ளது குறைவாகவே சேரும். எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவற்றுடன் உண்டால் அது மிகும். எனினும் 8 கிராமில் நிற்பவரை உணவு மட்டும் மீட்பது அரிது, மாத்திரை தேவை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது இலவசமாகவே கிடைக்கிறது. மாத்திரையைக் காப்பி, தேநீருடன் உட்கொள்ளலாகாது. மலம் கறுத்தாற் பயப்பட வேண்டாம். அது இரும்பின் நிறமே. அளவு உயர்ந்துவிட்டது என்று உடனே நிறுத்தாமல், உடலின் சேமிப்பு நிரம்புவதற்காக மருத்துவர் சொல்லும் காலம் வரை தொடர வேண்டும்.

இன்னொன்று: ஆடவருக்கும், மாதவிடாய் நின்ற பெண்டிருக்கும் இரும்புச்சத்துக் குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ மறைவாக இரத்தம் கசிகிறதா என்று தேடிப் பார்த்தல் இன்றியமையாதது. புண்ணோ புற்றுநோயோ தன் வருகையை முதலில் அறிவிப்பது சில வேளைகளில் இந்த எண்ணின் வாயிலாகவே.

சர்க்கரையின் இரு கணக்குகள்

குறைந்தது 8 மணி நேரம் உண்ணாதிருந்தபின் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராமை எட்டினால் நீரிழிவு எனக் கொள்வர். நோயின் அறிகுறிகள் இல்லாதவருக்கு மறுமுறை சோதித்தே அதை உறுதி செய்தல் முறை. அது அன்றைய காலைப்பொழுதின் கணக்கு. ‘எச்.பி.ஏ.1.சி.’ என்பதோ ஏறத்தாழ மூன்று மாதக் கணக்கு. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள். அந்நாட்களில் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டிக்கொண்டது என்பதை இது அளக்கிறது. 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவு, 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை நிலை. பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாட்கள் இனிப்பை ஒதுக்கி நல்ல பெயர் வாங்க எண்ணுவோரை இக்கணக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் இதற்கும் ஒரு வரம்புண்டு. இரும்புச்சத்துக் குறைந்தவருக்கு இவ்வளவு உண்மையினும் கூடுதலாகக் காட்டக்கூடும். அண்மையில் இரத்தம் இழந்தவருக்கும், இரத்தம் ஏற்றப்பெற்றவருக்கும் குறைத்துக் காட்டக்கூடும். எனவே ஹீமோகுளோபினைப் பாராமல் இதை மட்டும் பார்த்தல் பிழையாகும்.

காய்ச்சலும் சிறுநீரகமும்

காய்ச்சல் கண்டவுடன் ‘வைடால்’ பரிசோதனை செய்து, “டைபாய்டு வந்துவிட்டது” என்று முடிவு கட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. 1896ஆம் ஆண்டில் உருவான இச்சோதனை, கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் பொருளையே காண்கிறது. முன்பு வந்துபோன காய்ச்சலும், தடுப்பூசியும், வேறு சில நோய்களுங்கூட அதைத் தூண்டக்கூடும். இரத்தத்தில் கிருமியை வளர்த்துக் காணும் ‘கல்ச்சர்’ சோதனையே நம்பத்தக்கது. மருந்து தொடங்குமுன் அதற்கு இரத்தம் எடுத்தல் நலம்.

டெங்குவில் அனைவரும் தட்டணுக்களின் எண்ணிக்கையையே எண்ணிக் கலங்குகின்றனர். இயல்பாக 1.5 லட்சத்திற்குக் குறையாத அவ்வெண் சரிந்தாலும், இரத்தக்கசிவு இல்லாதவருக்கு 10,000க்குக் கீழே இறங்கும் வரை தட்டணு ஏற்றுதல் பெரும்பாலும் வேண்டியதில்லை. காய்ச்சல் தணியும் நாட்களில் தோன்றும் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மயக்கம் ஆகியவையே உடனே மருத்துவமனை செல்ல வேண்டிய அறிகுறிகள்.

சிறுநீரகத்திற்கு ‘கிரியாட்டினின்’ அளவைப் பார்க்கின்றனர். இது தசையிலிருந்து பிறப்பது. ஆதலால் மெலிந்த முதியவருக்கு எண் இயல்பாகத் தோன்றினும் சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். வயதையும் சேர்த்துக் கணக்கிடும் ‘இ.ஜி.எஃப்.ஆர்.’ எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

பரிசோதனைக்குச் செல்லுமுன் உண்ணாதிருக்க வேண்டுமா என்று கேட்டறிக. தண்ணீர் அருந்தத் தடையில்லை. உட்கொள்ளும் மருந்துகளை மறையாது சொல்லுக. இயன்றவரை ஒரே பரிசோதனைக் கூடத்தை நாடுக. பழைய தாள்களை ஆண்டு வாரியாகக் கோத்து வைத்திடுக. ஒரு நாளின் எண்ணைக் காட்டிலும், மூன்றாண்டுகளாக அது ஏறி வருகிறதா இறங்கி வருகிறதா என்பதே மருத்துவருக்கு மிகுதியாகப் பேசும். எதிர்பாராத எண் வந்தால் மறுமுறை சோதிக்கக் கேட்பதற்குக் கூச வேண்டாம். எண்ணைப் பார்த்து நீங்களாகவே மருந்தைத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

பரிசோதனைத் தாள் ஒரு சாட்சியே. உடலையும், வாழ்க்கை முறையையும், பிற சாட்சிகளையும் விசாரித்தே மருத்துவர் முடிவு சொல்வார். ஆனால் சாட்சி சொல்வதைக் கேட்க மறுக்கும் விசாரணை நீதியாகாது. இன்று மாலையே உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். உங்கள் மனைவியின், தாயின், மகளின் தாள் அங்கே மடித்துக் கிடக்குமானால், ஹீமோகுளோபின் என்ற வரியை முதலில் வாசியுங்கள். எண் 12க்குக் கீழே இருப்பின், நாளைக் காலை அவரோடு புறப்படுங்கள்.