பொருளைத் தொடாமல் ஒரு குறிப்பு

வேறொருவர் உருவாக்கிய ஆப்ஜெக்டைப் பற்றி நாம் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: வலைப்பக்கத்தின் இந்தப் பட்டன் எத்தனை முறை அழுத்தப்பட்டது என்பது போல. ஜாவாஸ்கிரிப்டில் அந்த ஆப்ஜெக்டிலேயே புதிய பண்பு ஒன்றை ஒட்டிவிடலாம், மொழி தடுப்பதில்லை. ஆனால் பிறர் பொருளில் கைவைப்பதன் விலை பிறகுதான் தெரியும். மூட்டூல்ஸ் என்ற லைப்ரரி, எல்லா அர்ரேக்களுக்கும் பொதுவான இடத்தில் ‘ஃப்ளாட்டன்’ என்ற தன் ஃபங்ஷனைச் சேர்த்திருந்தது. 2018இல் அதே பெயரில் ஒரு வசதியை மொழிக்குள்ளேயே கொண்டுவர முயன்றபோது, அந்த லைப்ரரியை நம்பியிருந்த பழைய தளங்கள் பழுதாகும் நிலை வந்தது. கடைசியில் மொழிதான் இறங்கிவந்தது. 2019 பதிப்பில் வசதியின் பெயர் ‘ஃப்ளாட்’.

பெயர் மோதல்தான் சிக்கல் என்றால், வேறெதனோடும் மோதாத பண்புப் பெயரான ‘சிம்பல்’ போதுமே என்பார்கள். மோதல் தீரும், உண்மைதான். ஆனால் ‘ஃப்ரீஸ்’ செய்யப்பட்ட, அதாவது மாற்ற முடியாதபடி பூட்டப்பட்ட, ஆப்ஜெக்டில் சிம்பலையும் சேர்க்க முடியாது. ஆகவே குறிப்பு வெளியே இருப்பதே முறை. வெளியே என்றால், ஆப்ஜெக்டையும் அதன் குறிப்பையும் இணைத்துவைக்கும் சாதாரண ‘மேப்’ ஆகாது. பட்டனைப் பக்கத்திலிருந்து நீக்கிய பிறகும் மேப் அதை விடாமல் பிடித்திருக்கும், நினைவகம் வீணே நிரம்பும். 2015இல் மொழிக்கு வந்த ‘வீக்மேப்’ அப்படிப் பிடித்துவைப்பதில்லை. ஆப்ஜெக்டை வேறு யாரும் பயன்படுத்தாதபோது அதன் குறிப்பும் சேர்ந்தே போகும். கேட்க எளிது, செய்வது கடினம். 1998இல் ஜாவாவில் வந்த ‘வீக்ஹேஷ்மேப்’பில், குறிப்பே தன் ஆப்ஜெக்டைச் சுட்டிவிட்டால் அந்த மேப் உள்ளவரை இரண்டும் தாமாக அகலாது. இந்த முடிச்சை அவிழ்க்கும் வழியை அதற்கு முந்தைய ஆண்டே பாரி ஹேஸ் ஒரு கட்டுரையில் விளக்கியிருந்தார் என்பது வேடிக்கை. ஆப்ஜெக்டை வேறு வழியில் எட்ட முடிந்தால் மட்டுமே குறிப்பை உயிருள்ளதாகக் கணக்கில் எடு என்ற அவருடைய ‘எஃபெமரான்’ விதிப்படியே வீக்மேப் இயங்குகிறது.

வீக்மேப்பில் என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்க முடியாது, எண்ணிக்கைகூடக் கேட்க முடியாது. பிழை தேடுகிறவர்களுக்கு இது எரிச்சல்தான். ஆனால் பட்டியல் கிடைத்தால், பயன்படாத ஆப்ஜெக்டுகளை நினைவகத்திலிருந்து அகற்றும் குப்பை சேகரிப்பு எப்போது நடந்தது என்பதைப் பொறுத்து ஒரே நிரல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விடை தரும். அதைவிட எரிச்சலே மேல். பட்டியல் கட்டாயம் வேண்டும் என்பவர் மேப்பை வைத்துக்கொண்டு, நீக்கும் பொறுப்பையும் தாமே ஏற்க வேண்டும். ஆப்ஜெக்டை உருவாக்கும் கிளாஸ் உங்களுடையதே என்றால் இவை எதுவும் தேவையில்லை. அதிலேயே ஒரு பண்பைச் சேர்த்துவிடுங்கள்.