தீசிஸ் எப்ப முடியுது?

ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழாவோ கலியாண வீடோ, பல்கலைக்கழகத்தில் கனகாலமாகப் படிக்கிற பிள்ளை அங்கே அகப்பட்டால் கேள்வி ஒன்றுதான். "தம்பி, இன்னும் படிக்கிறீரோ? எப்ப முடியுது?" கேட்கிற மாமாவில் பிழை சொல்ல ஏலாது. அவர் அறிந்த படிப்புக்குச் சோதனை இருந்தது, சோதனைக்குத் திகதி இருந்தது, திகதி கழிந்தால் பெறுபேறு வந்தது. முனைவர் பட்ட ஆய்வேடு அப்படியான சாமான் இல்லை. ஐந்து வருஷம் இருந்து எழுதினவருக்கே, அது முடிந்துவிட்டது என்று வேறு ஆராவது சொன்னால்தான் தெரியும்.

இந்தக் கேள்வி இப்போது எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மனைவி இங்கே ஆறாம் வருஷ ஆய்வு மாணவி. நிதியுதவி போன வருஷத்தோடு நின்றுபோனது. ஐந்து அத்தியாயத்தில் நாலு எழுதியாயிற்று. அந்த நேரம் பார்த்து ஒரு வேலை வந்திருக்கிறது. நல்ல வேலை, ஆனால் செப்டெம்பரில் தொடங்கச் சொல்லுகிறார்கள். எடுக்கிறதா, கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கிறதா? நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன், முதுகலையோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். இதில் என் அனுபவம் பாதிதான். மிச்சத்துக்கு, இந்த வழியால் முதலே போனவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன்.

எங்கள் ஆட்களில் முதலில் ஞாபகம் வருகிறவர் க. கைலாசபதி. கோலாலம்பூரில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் படித்து, பேராதனையில் பட்டம் எடுத்து, தினகரன் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர். பத்திரிகை ஆசிரியர் நாற்காலி அந்தக் காலத்தில் லேசான இடமில்லை. அதை விட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, பிறகு இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவருக்கு வாய்த்த மேற்பார்வையாளர் ஜோர்ஜ் தொம்சன், கிரேக்க மொழிப் பேராசிரியர். சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்யக் கிரேக்கப் பேராசிரியரிடமா என்று கேட்கலாம். கேள்வியே அப்படிப்பட்டதுதான். ஹோமரின் காவியங்களைப் போல எங்கள் புறப்பாடல்களும் பாணர்கள் வாயால் பாடி வந்த மரபில் பிறந்தவையா? மில்மன் பரி, அல்பேர்ட் லோர்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் யூகோஸ்லாவியப் பாடகர்களைப் பதிவு செய்து, எழுத்தில்லாமல் நீண்ட கதைப்பாட்டு எப்படிப் பாடப்படுகிறது என்று காட்டியிருந்தார்கள். அந்த அளவுகோலைக் கைலாசபதி சங்கப் பாடல்களில் வைத்துப் பார்த்தார். 1966இல் பட்டம். 1968இல் ஒக்ஸ்போர்ட் அச்சகம் அதை ஆங்கிலத்தில் புத்தகமாக்கியது.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்த முடிவைப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. சங்கப் புலவர்கள் எழுத்தறிவு உள்ளவர்கள், பாணர் பாட்டைப் பார்த்துத் தாங்கள் எழுதினவர்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் ஜோர்ஜ் ஹார்ட் வாதிட்டார். இருந்தாலும் சங்க இலக்கியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் கைலாசபதியைத் தாண்டிப் போக முடியாது. ஆய்வேடு கடைசி வார்த்தையாக இருக்கத் தேவையில்லை. பேச்சைத் தொடக்கி வைத்தால் போதும். மனைவியின் ஐந்தாம் அத்தியாயம் ஏழு மாதமாக நகராமல் இருப்பதற்குக் காரணம், எல்லாவற்றுக்கும் பதில் அதில் இருக்க வேண்டும் என்ற நினைப்புத்தான் என்று நான் சொல்லுவேன். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கைலாசபதியின் நண்பர் கா. சிவத்தம்பியின் கதை வேறுவிதம். கரவெட்டிக்காரர். இலங்கைப் பாராளுமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்து, பிறகு பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். அவரும் அதே பேர்மிங்ஹாமுக்கு, அதே தொம்சனிடம் போனார். பழந்தமிழ்ச் சமூகத்தில் நாடகம் என்ற ஆய்வேட்டுக்கு 1970இல் பட்டம் கிடைத்தது. புத்தகமாக வந்தது 1981இல், சென்னையில். நடுவில் பதினொரு வருஷம்! அந்தப் பதினொரு வருஷமும் அவர் அதைத் திருத்திக்கொண்டு இருக்கவில்லை. வகுப்பு எடுத்தார், நாடகத்தோடு மினக்கெட்டார், தமிழில் எழுதிக் குவித்தார். கைலாசபதி அதற்குள், 1974இல், யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராகவே ஆகிவிட்டார். எனக்கு விளங்கினது இது: பட்டத்துக்கான பிரதி ஒன்று, உலகத்துக்கான புத்தகம் இன்னொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் எழுத வெளிக்கிட்டால் இரண்டும் முடியாது.

இனி எங்கள் ஊர்க் கதை. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில் ஜெப்ரி ஹின்டனிடம் படித்த இரண்டு பேர், இலியா சுட்ஸ்கேவர், அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி. எங்கள் பிள்ளைகளைப் போலவே வேறு நாட்டில் பிறந்து கனடாவுக்கு வந்தவர்கள். 2012இல் மூன்று பேருமாகச் செய்த நரம்பு வலையமைப்பு, இமேஜ்நெட் என்ற படம் அடையாளம் காணும் போட்டியில் வென்றது. பிழை வீதம் ஏறக்குறைய 15 சதவீதம். இரண்டாவதாக வந்தவர்களுக்கு 26. கணினித் துறையில் இருக்கிறவர்களுக்கு அது நிலநடுக்கம். மூவரும் ஒரு சின்னக் கம்பனி தொடங்க, 2013 மார்ச்சில் கூகிள் அதை வாங்கியது.

சுட்ஸ்கேவரின் ஆய்வேடும் அதே 2013ஆம் ஆண்டுதான். ஆனால் அதன் தலைப்பு படங்களைப் பற்றியதே இல்லை. சொற்களைப் போல வரிசையாக வரும் தரவைக் கையாளுகிற வேறொரு வகை வலையமைப்பை எப்படிப் பயிற்றுவிப்பது என்பது. உலகம் முழுக்கக் கதைத்த வேலையை உள்ளே இழுத்துப்போட்டு ஆய்வேட்டைப் பெருப்பிக்கவில்லை. அடுத்த வருஷம் கூகிளில் இருந்துகொண்டு அந்த வகை வலையமைப்பை வைத்தே மொழிபெயர்ப்புக்கு ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். எங்கள் தொழிலில், வெளியீட்டுக்கு முன்னால் ஒரு திகதி குறிப்போம். அதற்குப் பிறகு புது அம்சம் எதுவும் சேர்க்கிறதில்லை, பிழை திருத்துகிறது மட்டும். ஆய்வேட்டுக்கும் அப்படியொரு திகதி வேண்டும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். "எழுதி முடிச்சாச்சு" என்பதற்கும் "முடிஞ்சுது" என்பதற்கும் இடையில் மாதங்கள் கிடக்கின்றன. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தையே எடுத்தால், மேற்பார்வைக் குழு சம்மதிக்க வேண்டும். பிறகு வெளிப் பரிசோதகருக்கு வாசிக்க வாரக்கணக்கில் அவகாசம். அதன்பிறகுதான் இறுதி வாய்மொழிச் சோதனை. சோதனை நல்லாய்ப் போனாலும் சின்னத் திருத்தம் என்றால் ஒரு மாதம், கொஞ்சம் பெரிய திருத்தம் என்றால் மூன்று மாதம் தருவார்கள். எல்லாம் சரிவந்து மின்பிரதியைப் பதிவேற்றினால்தான் கணக்குத் தீரும். ஒரு தவணை பிந்தினால் அந்தத் தவணைக்கான கட்டணமும் தலையில் விழலாம். ஆகவே செப்டெம்பரில் வேலை என்றால் ஓகஸ்டில் முடிக்கலாம் என்று கணக்குப் போடாதேயுங்கோ.

சர்வதேச மாணவர்களாக வந்த பிள்ளைகளுக்கு இன்னொரு மணிக்கூடும் ஓடுகிறது. படிப்புக்குப் பிந்திய வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க 180 நாள்தான். அந்த நாள் பட்டமளிப்பு விழாவிலிருந்து எண்ணப்படுகிறதில்லை. படிப்பு முடிந்தது என்று பல்கலைக்கழகம் எழுத்தில் உறுதிப்படுத்துகிற அன்றிலிருந்து எண்ணப்படுகிறது. அம்மா அப்பா ஊரிலிருந்து வந்து கறுப்பு அங்கியோடு படம் எடுக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்தால் பாதி நாள் போய்விடும். மற்றது, இந்த அனுமதி ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான். முதுகலை முடித்து எடுத்தவருக்கு முனைவர் பட்டத்துக்குப் பிறகு இன்னொன்று கிடையாது. விதிகள் அடிக்கடி மாறுகின்றன, குடிவரவுத் திணைக்களத்தின் பக்கத்தை நேரே பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை நம்ப வேண்டாம்.

வேலையைத் தொடங்கிக்கொண்டு இரவில் எழுதலாம்தானே என்பார்கள். முடித்தவர்களும் இருக்கிறார்கள். குயீன் இசைக்குழுவின் கிற்றார்க்காரர் பிரையன் மே 1970இல் தொடங்கின வானியல் ஆய்வை, நடுவில் உலகம் சுற்றிப் பாடிவிட்டு, 2007இல் முடித்தார். கேட்க நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் அவருக்கு வீட்டுக் கடனோ டேகேர் கட்டணமோ இருந்த மாதிரித் தெரியவில்லை. புது வேலையின் முதல் மூன்று மாதம் எப்படி ஆளை உறிஞ்சும் என்று எனக்குத் தெரியும். பின்னேரம் ஆறரைக்கு வீட்டுக்கு வந்து, பிள்ளைக்குச் சோறு தீத்திவிட்டு, கோட்பாட்டு அத்தியாயத்தைத் திறக்கிறதென்றால் லேசில்லை.

ஆனபடியால் என் கட்சி, முதலில் பிரதியைக் குழுவின் கையில் கொடுத்துவிடுவது. வேலைக்காரர்களிடம் திகதி கேட்பதில் வெட்கம் இல்லை. எங்கள் ஆட்கள் இதைத்தான் கேட்கிறதில்லை, கேட்டால் வேலையே போய்விடும் என்று பயம். நானே ஆட்களை நேர்முகம் காண்கிறவன். நாலைந்து மாதம் கழித்து வருகிறேன், இந்தத் திகதிக்குள் ஆய்வேடு முடியும் என்று தெளிவாகச் சொல்லுகிறவரில் மரியாதை கூடுமே தவிரக் குறையாது.

மனைவி ஜனவரி என்று எழுதிக் கேட்டார். மூன்று நாள் பதில் இல்லை, வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் பதில் வந்தது: நவம்பர் நடுப்பகுதி, அதற்கு மேல் ஏலாது. ஏற்றுக்கொண்டாயிற்று. இறுதிச் சோதனை அதற்கு முன் வரும், திருத்தம் வேலை தொடங்கின பிறகும் மிஞ்சலாம், அவ்வளவுக்குச் சமாளிக்கலாம். ஐந்தாம் அத்தியாயத்தில் இருந்த மூன்று பகுதியில் ஒன்றைத் தூக்கி "பிறகு எழுதும் கட்டுரை" என்ற கோப்புக்குள் போட்டிருக்கிறார். சனி ஞாயிறு காலையில் பிள்ளையை நான் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒக்டோபர் மட்டும் விழாக்களுக்கு நான் தனியத்தான் வருவேன். மாமாமார் என்னிடமே கேட்கலாம்.