உறக்கத்தில் மூச்சடைப்பும் ஏற்ற கருவி பெறும் வழியும்

குறட்டை விடுபவரைப் பார்த்துக் கும்பகர்ணன் என்று நகைப்பது நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். குறட்டை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை சில சமயம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. உரத்த குறட்டை திடீரென நின்று, சிறிது நேரம் அமைதி நிலவி, பின்னர் ஒரு திணறலோடு மூச்சு திரும்புமாயின், அம்மனிதர் படுத்திருக்கிறாரேயன்றி உறங்கவில்லை என்று கொள்ளலாம். தொண்டையின் தசைகள் தளர்ந்து மூச்சின் வழியை அடைத்துவிடுகின்றன, இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது, மூளை அவரைத் தட்டி எழுப்புகிறது, மூச்சு மீள்கிறது. காலையில் அவருக்கு இவற்றில் ஒன்றும் நினைவிராது. மருத்துவர்கள் ஸ்லீப் ஆப்னியா என்று வழங்கும் இந்நோயை இவ்வுரையில் உறக்க மூச்சடைப்பு என்று குறிப்பிடுவோம்.

மூச்சு 10 வினாடிகளோ அதற்கு மேலோ நின்றால் அதனை ஒரு தடையாகக் கணக்கிடுகின்றனர். மூச்சு முற்றிலும் நில்லாமல் பெரிதும் குறைவதும் இக்கணக்கில் சேரும். மணிக்கு 5 முதல் 15 வரை ஆனால் இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரமானது, 30க்கு மேற்பட்டால் கடுமையானது. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்திற்கு ஒரு முறை என்பதை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். இரத்த அழுத்தம், இதயத் துடிப்பின் ஒழுங்கின்மை ஆகியவற்றோடு இந்நோய்க்குள்ள தொடர்பு நன்கு அறியப்பட்டது. பகலில் வண்டி ஓட்டும்போது கண் அயர்வதோ அடுத்தவர் உயிரையும் பற்றியது.

1981ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவின் ஸிட்னி நகரைச் சேர்ந்த காலின் சல்லிவன் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவர்களும் ஓர் எளிய உபாயத்தை வெளியிட்டனர். மூக்கில் பொருத்திய கவசத்தின் வழியே சிறிது அழுத்தத்துடன் காற்றை இடைவிடாது செலுத்தினால், அக்காற்றே முட்டுக்கட்டை போல் நின்று தொண்டையை மூடவிடாது தாங்கும் என்பது அவர்கள் கண்டது. கடுமையான நோயாளிக்கு அதற்கு முன்பு இருந்த உறுதியான வழி, கழுத்தில் துளையிடும் அறுவை ஒன்றே. இன்று சி-பாப் என்று வழங்கும் கருவி இவ்வாறு பிறந்ததுதான். இதன் அழுத்தத்தை நீர்மட்ட சென்டிமீட்டரில் அளப்பர். வழக்கமான கருவி 4 முதல் 20 வரை தரவல்லது.

கருவியை வாங்கித் தலைமாட்டில் வைத்தவுடன் வேலை முடிந்ததாக ஒருவரும் எண்ண வேண்டா. மூன்றே மாதத்தில் அது அலமாரிக்குள் போய்விட்ட இல்லங்களை நான் பல கண்டிருக்கிறேன். எதிர்காற்றில் மூச்சை வெளிவிட முடியவில்லை, வாய் உலர்கிறது, கவசம் ஒழுகுகிறது, கண்ணில் காற்று அடிக்கிறது என்று ஆளுக்கொரு குறை. இதைவிட நல்ல கருவி வேண்டும் என்று அப்போது தோன்றுகிறது. டாக்டரிடம் சொல்கின்றனர். அவர் இரண்டு சொல்லில் ஒரு சீட்டு எழுதித் தருகிறார். அச்சீட்டு அலுவலகத்துக்கோ இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கோ சென்று, சென்ற வேகத்திலேயே திரும்பி வருகிறது.

அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்த்தே இருபது ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் இதன் காரணத்தை என்னால் ஓரளவு சொல்ல இயலும். "மேலானது", "வசதியானது", "புதிய மாடல்" என்னும் சொற்களுக்குக் கோப்பில் இடமில்லை. அனுமதி வழங்கும் அதிகாரி நோயாளியைக் காண்பதில்லை; தாளைத்தான் காண்கிறார். மேலானது என்று படித்தவுடன், இருப்பதே போதும்போலும் என்று அவர் முடிவு கட்டுவது இயல்பு. "இப்போதுள்ள கருவியால் நோய் அடங்கவில்லை, இதோ அதற்கான பதிவு" என்ற வாக்கியத்தின் முன்னிலையில் அவர் அவ்வாறு எளிதில் முடிவு கட்ட முடியாது.

எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவர், கும்பகோணத்துக்காரர், டில்லியில் ஓர் அலுவலகத்தில் உதவியாளர். காரை ஓட்டும்போது இருமுறை கண் அயர்ந்துவிட்டமையால், அவர் மனைவியார் அவ்வண்டியில் ஏறவே மறுத்துவிட்டார். பை-பாப் கருவி கேட்டு அவர் கொடுத்த மனு, "தற்போதைய கருவி பழுதாகியுள்ளதா?" என்ற ஒரே கேள்வியுடன் திரும்பியது. பழுதில்லை என்று நேர்மையாக விடை எழுதினார். கோப்பு முடிக்கப்பட்டது. கேட்டவர் மீதும் குற்றமில்லை, விடை சொன்னவர் மீதும் குற்றமில்லை. கருவி பழுதில்லை, ஆனால் நோய்க்கு அது போதவில்லை என்னும் பொருளைத் தாங்கி வர மனுவில் ஒரு வரியும் இல்லை, அவ்வளவே. பின்னர் டாக்டர் அக்கருவியின் பதிவுகளைப் பார்த்து முழுக் கடிதம் ஒன்று எழுதித் தரவே, அதே அலுவலகம் அனுமதி வழங்கியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பை-பாப் கேட்பதற்கு முன், குறை உண்மையில் கருவியில்தானா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான தொல்லைகள் கவசத்தில் அடங்கியிருக்கின்றன. மூக்கை மட்டும் மூடுவது, மூக்குத் துவாரத்தில் பொருந்துவது, வாயையும் சேர்த்து மூடுவது எனக் கவசங்கள் பலவகை. வாயைத் திறந்து உறங்குபவருக்கு மூக்குக் கவசம் தந்தால் எத்தனை விலையுயர்ந்த கருவியும் பயன் தராது. டில்லியின் ஜனவரி மாத உலர் குளிரில் காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையர் இன்றியமையாதது; ஆனால் அந்த ஈரமே குளிர்ந்த குழாயில் நீராகத் திரண்டு முகத்தில் தெளிக்கும்; அதற்கு வெப்பமூட்டிய குழாய் வேண்டும். பம்பாயிலோ கல்கத்தாவிலோ இருப்பவர்க்கு இத்தொல்லை அரிது. தூசி மிகுந்த நகரங்களில் காற்று வடிகட்டியை அடிக்கடி பார்த்து மாற்றாவிடினும் கருவி திணறும். இவை யாவும் சில நூறு அல்லது சில ஆயிர ரூபாயில் தீரும் காரியங்கள்.

இவற்றிற்குப் பிறகும் குறை நீங்காதாயின், வேறு கருவியைப் பற்றி எண்ணலாம். ஒரே அழுத்தம் தரும் சி-பாப்புக்கு அடுத்த நிலையில், தேவைக்கேற்பத் தானே அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் ஆட்டோ சி-பாப் உண்டு. பை-பாப் என்பது மூச்சை இழுக்கும்போது மிகுந்த அழுத்தமும் விடும்போது குறைந்த அழுத்தமும் தருவது. மிக உயர்ந்த அழுத்தம் தேவைப்பட்டு அதனைத் தாங்க இயலாதவர்க்கும், பகலிலேயே இரத்தத்தில் கரியமில வாயு மிகுந்திருப்போரிற் சிலருக்கும், நுரையீரல் அல்லது தசை நோய் உடையோரிற் சிலருக்கும் இது மருத்துவக் காரணம் பற்றியே தேவையாகிறது. விலை கூடுதலாக இருப்பதே மேன்மைக்குச் சான்றாகாது என்பதற்கு ஓர் உதாரணமும் உண்டு. மூச்சுக்கு மூச்சு தன்னைத் திருத்திக்கொள்ளும் ஏ.எஸ்.வி. என்னும் நுட்பமான கருவியை, இதயம் பலவீனமுற்று, மூளையின் கட்டளைக் குறைவால் மூச்சுத் தடைபடும் நோயாளிகளிடம் சோதித்தனர். இதயத்தின் வெளியேற்றும் திறன் 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த அவர்களிடையே, கருவி பெற்றோரில் இதய நோயால் இறந்தோர் மிகுதி என 2015ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வு காட்டியது. ஆகவே எந்தக் கருவி என்பதை மருத்துவரே தீர்மானிக்கட்டும். நாம் அவருக்குச் சான்றுகளைக் கொண்டுபோய்க் கொடுப்போம்.

அச்சான்றுகள் எங்கே உள்ளன? இன்றைய கருவிகளுக்குள்ளேயே உள்ளன. ஒவ்வோர் இரவும் எத்தனை மணி நேரம் அணிந்தார், எவ்வளவு காற்று ஒழுகியது, எந்த அழுத்தத்தில் ஓடியது, கருவி அணிந்த நிலையிலும் மணிக்கு எத்தனை தடைகள் எஞ்சின என்பவற்றைச் சிறு அட்டையிலோ வேறு வகையிலோ அது பதிந்து வைத்திருக்கிறது. எஞ்சிய தடை 5க்குக் கீழ் வருவதே பொதுவான குறிக்கோள். குறைந்தது ஒரு மாதத்துப் பதிவை அச்சிட்டுக் கொண்டுபோக வேண்டும். "இருக்கிற கருவியையே இவர் பயன்படுத்தவில்லையே" என்பது எல்லா நாடுகளிலும் மறுப்பதற்குக் கைகொடுக்கும் காரணம். அமெரிக்க மெடிகேர் திட்டத்தில், தொடக்கக் காலத்தில் தொடர்ந்த 30 நாட்களில் 70 சதவீத இரவுகளிலாவது 4 மணி நேரம் அணிந்திருக்க வேண்டும் என்றே விதித்துள்ளனர். ஆகையால் பிடிக்காத கருவியை அலமாரியில் வைத்துவிட்டு வேறு கேட்பதைவிட, இயன்ற அளவு அணிந்து, அது தவறுமிடத்தைப் பதிவு காட்டுமாறு செய்வது நன்று.

மற்றொரு சான்று வீட்டிலிருப்பவர் வாய்ச்சொல். வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இங்குதான் இடர்ப்பாடு. இரவில் என்ன நிகழ்கிறது என்பதை அறிந்தவர் மனைவி அல்லது தாய். அவருக்கோ டாக்டரின் இந்தியோ வங்காளமோ மராத்தியோ போதிய அளவு வராமல் இருக்கலாம். அவர் கண்டதைத் தமிழிலேயே, தேதியோடும் மணியோடும் ஒரு தாளில் எழுதச் சொல்லி, அதன் ஆங்கில வடிவத்தைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதிச் சேர்க்கலாம். பகல் தூக்கத்தை அளக்க, மெல்போர்னைச் சேர்ந்த மரே ஜான்ஸ் 1991இல் வகுத்த எப்வொர்த் அளவுகோல் என்னும் எட்டுக் கேள்விகள் உண்டு. மொத்தம் 24 மதிப்பெண். 10க்கு மேற்பட்டால் பகல் தூக்கம் மிகுதி என்பர். மது அருந்தாமல் பகலுணவு உண்டபின் அமைதியாக அமர்ந்திருக்கும்போது கண் அயருமா என்பது அதில் ஒரு கேள்வி. நம் வீட்டுப் பெரியவர்கள் இதனைக் கேட்டுத் திகைப்பதுண்டு. சாப்பாட்டுக்குப் பின் என்று மட்டும் சொன்னால் அவர்களுக்குப் போதும்.

டாக்டரின் கடிதம் பின்வருமாறு அமைந்தால் பயன் தரும்: "இன்ன தேதியில் நடந்த உறக்கப் பரிசோதனையில் மணிக்கு இத்தனை தடைகள். இத்தனை மாதங்கள் இன்ன அழுத்தத்தில் சி-பாப் அளித்தோம். கவசம் இருமுறை மாற்றப்பட்டது. பதிவின்படி மணிக்கு இத்தனை தடைகள் இன்னும் எஞ்சியுள்ளன. இரத்த வாயுப் பரிசோதனையில் கரியமில வாயு இவ்வளவு. ஆதலால் பை-பாப் மருத்துவ ரீதியில் அவசியம். அதற்குரிய அழுத்தங்கள் இவை." இதில் கருவியின் வியாபாரப் பெயர் இல்லாதிருப்பது நலம். "யோசிக்கலாம்" என்று முடியும் சிபாரிசு சிபாரிசே அன்று. "அவசியம்" என்று முடிய வேண்டும். டாக்டரிடம் இதனைப் பணிவாகக் கேட்டுக்கொள்வதில் தவறில்லை. அவர்கள் நேரமின்மையால் சுருக்குகிறார்களேயொழிய மனமின்மையால் அன்று.

அனுமதி வழங்குவோர் இடத்திற்கு இடம் வேறுபடுவர். 1954ஆம் ஆண்டு டில்லியில் தொடங்கிய மத்திய அரசு சுகாதாரத் திட்டமாகிய சி.ஜி.எச்.எஸ்.ஸில் சேர்ந்தவர்கள், உரிய ஸ்பெஷலிஸ்டின் சிபாரிசையும் உறக்கப் பரிசோதனை அறிக்கையையும் வைத்து முன்னனுமதி பெற்ற பின்னரே கருவி வாங்குதல் வேண்டும். பணியில் உள்ளோர் தத்தம் இலாகா வழியாகவும், ஓய்வூதியர் சி.ஜி.எச்.எஸ். வழியாகவும் செல்ல வேண்டும். திருப்பித் தரும் தொகைக்கு உச்ச வரம்பு உண்டு. அது அவ்வப்போது உத்தரவால் மாறுவதால், வெல்னஸ் சென்டரில் நடப்பு உத்தரவின் நகலைக் கேட்டுப் படித்துக்கொள்வது நலம். இத்திட்டம் எட்டாத ஊர்களில் பணிபுரியும் மத்திய அரசு ஊழியர்க்கு 1944ஆம் ஆண்டின் மருத்துவ உதவி விதிகள் பொருந்தும்.

தனியார் இன்ஷூரன்ஸ் விஷயம் அவ்வளவு எளிதன்று. அவற்றிற் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருவன. பரிசோதனைக்காக மட்டுமே ஓர் இரவு ஆஸ்பத்திரியில் தங்குவதைப் பொது விலக்குகளில் ஒன்று ஒதுக்கிவிடுகிறது. வீட்டுக்குக் கொண்டுசெல்லும் கருவியும் பொதுவாகச் சேராது. விந்தை என்னவெனில், இதே விலக்குகளில் உடற்பருமன் அறுவையைப் பற்றிய பகுதி, கடுமையான உறக்க மூச்சடைப்பைப் பெயர் சொல்லி, அந்நோய் உடைய மிகப் பருமனானவர்க்கு அறுவைச் செலவை ஏற்க இடம் தருகிறது! கருவிக்குக் கதவடைத்த இடத்தில் கத்திக்குக் கதவு திறந்திருக்கிறது. எனினும் சில பாலிசிகளில் வீட்டுக் கருவிகளுக்கெனத் தனிப் பிரிவும், ஒரு தொகை வரம்பும் உண்டு. கம்பெனி வேலையில் இருப்போர் தங்கள் குழுப் பாலிசியில் அது உளதா என்று அலுவலகத்தில் கேட்க வேண்டும். இல்லையெனில் அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது சேர்க்குமாறு பலர் கூடிக் கேட்கலாம். புதிதாகப் பாலிசி எடுப்போர் இந்நோயை மறையாது எழுதுக. முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் 36 மாதங்களுக்கு மேற்படலாகாது என்று ஆணையம் விதித்திருக்கிறது. மறைத்தவருக்கோ இந்த நிச்சயமும் இராது.

பாலிசியில் இடமிருந்தும் கம்பெனி மறுத்தால், எந்த விதியின்படி மறுத்தார்கள் என்பதை எழுத்தில் கேட்டு, கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு முதலில் எழுத வேண்டும். ஒரு மாதத்திற்குள் விடை வாராவிடினும், வந்த விடை திருப்தி தராவிடினும், ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் செல்லலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. நம்மவர் பலருக்குப் பாலிசி சென்னையிலும் வாழ்க்கை வேறோர் ஊரிலுமாக இருப்பதால், எந்த ஊர் ஆம்பட்ஸ்மன் என்ற ஐயம் எழும். கம்பெனியின் கிளை உள்ள எல்லைக்குரியவரிடமோ, மனுதாரர் வசிக்கும் எல்லைக்குரியவரிடமோ மனுச் செய்ய விதி இடம் தருகிறது. ஆகவே புனேயில் வசிப்பவர் புனேயிலேயே மனுக் கொடுக்கலாம். இதற்கென ரயிலேற வேண்டியதில்லை.