கப்பல் வருது... தேசிய கீதம் ஒலிக்குது!

காபி ஆறிப்போய்க்கொண்டிருக்கிறது. எடுத்துக் குடிக்க யாருக்கும் நேரம் இல்லை. ஆற்றங்கரையில் பதினைந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள். கழுத்தில் பைனாகுலர், கையில் கேமரா. ஒரு தாத்தாவிடம் மட்டும் முனை மடங்கிய பழைய நோட்டு. தூரத்து வளைவில் முதலில் தெரிவது கப்பல் அல்ல, மரங்களுக்கு மேலே மெதுவாக நகரும் கன்டெய்னர் அடுக்கு. யாரோ ஒரு அப்பார்ட்மென்ட்டையே தள்ளிக்கொண்டு வருவது மாதிரி இருக்கிறது.

கப்பல் நெருங்கியதும் ஒலிபெருக்கி உயிர் பெறுகிறது. கொடிக்கம்பத்தில் ஹாம்பர்க் கொடி ஒரு முறை தாழ்ந்து எழுகிறது. அடுத்து ஒலிப்பது, அந்தக் கப்பல் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டின் தேசிய கீதம்!

இது ஜெர்மனியின் வேடல். ஹாம்பர்க் நகரிலிருந்து எல்பே ஆற்றோடு கடல் பக்கமாகச் சுமார் 20 கிலோமீட்டர் போனால் வரும் சிற்றூர். இங்கே ஆற்றங்கரை உணவகம் ஒன்றில் 1952-ம் ஆண்டு முதல் கப்பல்களை வரவேற்கிறார்கள். 'வில்கோம் ஹோஃப்ட்' என்று பெயர். வருகிற கப்பலுக்கு வாக்னரின் 'பறக்கும் டச்சுக்காரன்' ஓபராவிலிருந்து ஒரு பாட்டு, போகிற கப்பலுக்கு ஜெர்மானிய நாட்டுப்புற விடைபெறும் பாட்டு. நல்லபடியாகப் போய் வா என்று பொருள்படும் சர்வதேச சிக்னல் கொடிகளும் ஏறும். பிறகு, காபி குடிக்க வந்தவர்களுக்காக அந்தக் கப்பலின் ஜாதகத்தையே ஒப்பிக்கிறார்கள்: நீளம் எவ்வளவு, எங்கே கட்டியது, எங்கிருந்து வருகிறது. ஆயிரக்கணக்கான கப்பல்களின் விவரம் அட்டைகளில் எழுதி அடுக்கப்பட்டிருக்கிறது.

நம் ஊரில் ரயில் பார்க்கப் போகும் பிள்ளைகள் மாதிரி, ஐரோப்பாவில் கப்பல் பார்க்கவே கிளம்புகிற கூட்டம் இருக்கிறது. ஓய்வுபெற்ற மாலுமிகள், ஸ்கூல் வாத்தியார்கள், கல்லூரிப் பையன்கள் என்று எல்லா வயதும் கலந்திருக்கும். வாடகை வேன், பிளாஸ்க், சாண்ட்விச், மடக்கு நாற்காலி. ஒரே நாளில் இரண்டு மூன்று இடங்களைப் பார்த்துவிடுவார்கள். ஹாம்பர்க் பக்கம் வந்தால் வேடல் நிச்சயம் உண்டு.

பயணத் திட்டத்தைப் போடுவது வேன் டிரைவர் அல்ல, கடல். ஹாம்பர்க் கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. ஆனாலும் கடலின் ஏற்ற இறக்கம் அதுவரை வருகிறது. துறைமுகத்தில் தண்ணீர் மூன்றரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நிறைய பாரம் ஏற்றிய பெரிய கப்பல்கள் இந்த ஏற்றத்தைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வர முடியும். அதனால் குழுவின் தலைவர் முந்தைய நாள் இரவே அலை அட்டவணையோடு உட்கார்ந்துவிடுவார். காலை ஐந்து மணிக்குப் பெரிய கப்பல் வருகிறது என்றால் நாலரைக்கு எல்லோரும் கரையில் இருக்க வேண்டும். தூக்கம் கெட்டதைப் பற்றி யாரும் முணுமுணுப்பதில்லை. வீட்டில் இருப்பவர்கள் முணுமுணுக்கலாம்!

கணக்குத் தவறினால் என்ன ஆகும்? 2016 பிப்ரவரி 3-ம் தேதி, 'சி.எஸ்.சி.எல். இந்தியன் ஓஷன்' என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் ஹாம்பர்க்குக்கு வரும் வழியில் இதே ஆற்றில் தரைதட்டியது. அலைக்கணக்குப் பிசகவில்லை, ஸ்டியரிங் கோளாறு. எரிபொருளை இறக்கி, சுற்றியுள்ள மண்ணை அள்ளி, ஆறு நாள் கழித்து நீர் மட்டம் நன்றாக உயர்ந்த நேரத்தில் 12 இழுவைப் படகுகள் சேர்ந்து இழுத்துத்தான் விடுவித்தன.

கரையில் நிற்பவர்கள் கப்பலைப் படிக்கிற விதம் சுவாரஸ்யமானது. முகப்பில் தண்ணீருக்கு மேலே குமிழ் மாதிரி ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தால் பாரம் குறைவு. மூழ்கியிருந்தால் பாரம் அதிகம். பக்கவாட்டில் ஏணிப்படி போல சில கோடுகள் இருக்கும். வெப்பமண்டலக் கடலில் இதுவரை மூழ்கலாம், குளிர்காலத்தில் இதுவரைதான் என்று சொல்லும் எல்லைக் கோடுகள் அவை. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி மாலுமிகளைச் சாகக் கொடுத்த முதலாளிகளை எதிர்த்து, சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் எம்.பி. போராடினார். அதன் பலனாக 1876-ல் வந்த சட்டம்தான் இந்தக் கோட்டைக் கட்டாயமாக்கியது. பாதி வெள்ளை, பாதி சிவப்புக் கொடி பறந்தால் உள்ளூர் வழிகாட்டி மாலுமி கப்பலில் இருக்கிறார் என்று அர்த்தம்.

அந்தத் தாத்தாவின் நோட்டில் இருப்பவை ஏழு இலக்க எண்கள். பெயர் மாறலாம், கொடி மாறலாம், முதலாளி மாறலாம். கப்பலின் ஐ.எம்.ஓ. எண் மட்டும் அதை உடைக்கிற நாள் வரை மாறாது. அதில் ஒரு சின்ன விளையாட்டும் உண்டு. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயை அடைத்துக்கொண்டு ஆறு நாள் நின்றதே 'எவர் கிவன்', அதன் எண் 9811000. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2-ஆல் பெருக்குங்கள்: 63, 48, 5, 4, 0, 0. கூட்டினால் 120. கடைசி இலக்கம் பூஜ்யம். கப்பல் எண்ணின் ஏழாவது இலக்கமும் பூஜ்யம்! எந்தக் கப்பலின் எண்ணையும் இப்படிச் சரிபார்க்கலாம். நோட்டில் தப்பாக எழுதிக்கொண்டால் பெரும்பாலும் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இப்போது பாதி வேலையைப் போன் செய்துவிடுகிறது. பெரிய கப்பல்கள் தங்கள் பெயர், வேகம், திசையை ரேடியோ வழியே ஒலிபரப்பிக்கொண்டே போக வேண்டும் என்பது 2004 முடிவிலிருந்து முழுமையாக அமலில் இருக்கும் விதி. கரையோரங்களில் பிடிபடும் அந்தத் தகவலைத்தான் ஆப்கள் வரைபடத்தில் காட்டுகின்றன. மெரினாவில் நிற்கும்போது தூரத்தில் தெரிகிற கப்பலின் பெயரையும் இப்படிக் கண்டுபிடிக்கலாம். சுண்டல் வாங்கியபடியே பார்த்துவிடலாம்.

ஆனால், அதே 2004-தான் இந்தப் பொழுதுபோக்குக்குப் பெரிய பூட்டையும் போட்டது. அதற்கு முன்பு பல துறைமுகங்களில் கப்பல் பக்கத்திலேயே போய் நிற்க முடிந்தது. சில சமயம் மேலே ஏறி ஒரு டீயும் கிடைக்கும். அமெரிக்க இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு கொண்டுவரப்பட்ட சர்வதேசப் பாதுகாப்பு விதிகள் 2004 ஜூலை 1-ம் தேதி அமலுக்கு வந்தன. வேலி, கேமரா, அனுமதிச் சீட்டு. அன்றிலிருந்து குழுக்கள் ஆற்றங்கரைக்கும் பாலத்துக்கும் இடம்பெயர்ந்துவிட்டன. எல்பே ஆற்றிலிருந்து கீல் கால்வாய் பிரியும் புருன்ஸ்புட்டல் அணைக்கதவுகள் அதனால்தான் பிரபலம். 1895-ல் திறந்த 98 கிலோமீட்டர் கால்வாய். டென்மார்க்கைச் சுற்றிப்போகும் கப்பல்களுக்குச் சராசரியாக 460 கிலோமீட்டர் மிச்சம். கதவு திறக்கக் காத்திருக்கும் கப்பலில் ஆட்களின் முகமே தெரியும்.

வேலி இரண்டு பக்கமும் வேலிதான். கப்பலில் இருப்பவர்களுக்கும் வெளியே வருவது குறைந்துவிட்டது. கன்டெய்னர் கப்பல் துறைமுகத்தில் நிற்பது ஒரு நாளோ, இரண்டு நாளோதான். அந்த நேரத்திலும் வேலை இருக்கும். ஆறு மாதம், எட்டு மாதம் என்று ஒப்பந்தம். கொரோனா காலத்தில், 2020-ன் கடைசியில், சுமார் 4 லட்சம் கப்பல் பணியாளர்கள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் தவித்தார்கள். அவர்களில் இந்தியர்கள் ஏராளம். 'எவர் கிவன்' கப்பலில் இருந்த 25 பேரும் இந்தியர்களே.

வேடலில் ஒலிக்கிற கீதத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கப்பலின் பின்புறத்தில் 'மன்ரோவியா' என்று எழுதியிருந்தால் லைபீரியா நாட்டு கீதம். உள்ளே கேப்டன் ஒரு நாடு, சமையல்காரர் ஒரு நாடு, இன்ஜின் அறையில் தூத்துக்குடிப் பையனாகவும் இருக்கலாம். வரிச் சலுகைக்காகப் பதிவு செய்யப்பட்ட நாட்டின் கீதத்தைக் கேட்டு அவர்கள் என்ன நினைப்பார்களோ! இருந்தாலும் ஹார்ன் அடித்துப் பதில் சொல்கிறார்கள்.

ஹாம்பர்க் துறைமுகத்துக்குள்ளேயே, வால்டர்ஸ்ஹோஃப் பகுதியில், 1986 முதல் 'டுக்டால்பென்' என்ற மாலுமிகள் மன்றம் இயங்குகிறது. வேன் போய் ஆட்களைக் கப்பலிலிருந்து அழைத்து வரும். பில்லியர்ட்ஸ், சாக்லேட், சிம் கார்டு, பல மதத்தவரும் கும்பிட ஒரு அறை. ஒன்றிரண்டு மணி நேரம் வீட்டுக்குப் பேசிவிட்டுத் திரும்புவார்கள்.

அவர்களில் பலரிடம் இல்லாத ஒன்று, தங்கள் கப்பலின் முழுப் படம். உள்ளேயே இருப்பவருக்கு அது ஓடும்போது எப்படி இருக்கும் என்று தெரியாதே! கரையில் நிற்கிறவர்கள் எடுத்து இணையத்தில் போடுகிற படங்களைத் தேடிப் பார்க்கிறவர்களில் மாலுமிகளும் அவர்கள் வீட்டாரும் உண்டு. எத்தனை மணிக்கு, எந்த ஊரில் எடுத்தது என்று தாத்தா தன் நோட்டில் குறித்துவைப்பது அப்போதுதான் உதவுகிறது.

சாயங்காலம் வேன் கிளம்பும் நேரம். ஹாம்பர்க்கிலிருந்து ஒரு கப்பல் வெளியே போகிறது. விடைபெறும் பாட்டு ஒலிக்கிறது. பின்தளத்தில் ஆரஞ்சு உடையில் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக் கரையைப் படம் எடுக்கிறார். கரையில் பதினைந்து பேர் அவரைப் படம் எடுக்கிறார்கள். யாரோ கை ஆட்ட, அவரும் ஆட்டுகிறார்.