வென்றது அணி, விலகினார் வாத்தியார்!

பெங்களூர் எம்.ஜி. ரோட்டில், சின்னசாமி ஸ்டேடியத்துக்கு அருகே உள்ள நாற்சந்திக்கு 'அனில் கும்ப்ளே சர்க்கிள்' என்று பெயர். அல்சூரிலிருந்தும் சிவாஜி நகரிலிருந்தும் வேலைக்குப் போகும் தமிழர்கள் பலர் கடந்து செல்லும் இடம். டெஸ்ட் பந்தயங்களில் 619 விக்கெட்டுகளை வீழ்த்தியவருக்குச் சொந்த ஊர் செய்த மரியாதை அது.

அந்தக் கும்ப்ளே இந்திய அணியின் பயிற்சியாளராக ஒரே ஓர் ஆண்டு இருந்துவிட்டு, 2017 ஜூன் 20-ந் தேதி ராஜினாமா செய்தார். அணி தோற்றுக்கொண்டே இருந்ததால் அல்ல. கேப்டனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பதால்!

மேலதிகாரியின் கண்டிப்பும், கீழே இருப்பவர்களின் மனக்குறையும் கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. மில்லிலும் ஒர்க்ஷாப்பிலும் ஆபீசிலும் வேலை பார்த்த எவருக்கும் இந்தக் கதை புரியும்.

உடைந்த தாடையுடன்...

1970-ல் பெங்களூரில் பிறந்த கும்ப்ளே, பசவனகுடி நேஷனல் கல்லூரியில் படித்தவர். பிறகு ஆர்.வி. என்ஜினீயரிங் கல்லூரியில் மெக்கானிக்கல் என்ஜினீயர் பட்டம் பெற்றார்.

1999-ல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரே இன்னிங்சில் 10 விக்கெட்டுகளையும் சாய்த்தார். 2002-ல் ஆன்டிகுவாவில் பந்து பட்டுத் தாடை உடைந்தது. ஊருக்குத் திரும்ப வேண்டியவர், முகத்தைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினார். லாராவின் விக்கெட்டையும் எடுத்தார்.

தன் உடம்பையே இப்படி வேலை வாங்கியவர், மற்றவர்களிடம் எப்படி வேலை வாங்குவார்? பின்னால் வந்த தகராறுக்கு விதை இங்கேதான் இருக்கிறது.

வெற்றி மேல் வெற்றி

2016-ல் பயிற்சியாளர் பதவிக்கு 57 பேர் மனுப் போட்டார்கள். டெண்டுல்கர், கங்குலி, லட்சுமணன் ஆகிய மூவர் கொண்ட ஆலோசனைக் குழு கும்ப்ளேயைத் தேர்ந்தெடுத்தது. வெஸ்ட் இண்டீஸ் புறப்படும் முன்பு பெங்களூரில் முகாம் நடந்தது. வீரர்களுக்குள் ஒற்றுமை வளர, அனைவரையும் வட்டமாக உட்கார வைத்து மேளம் தட்டச் செய்தார்கள்!

மேளச் சத்தத்தோடு கட்டுப்பாடும் வந்தது. அணியின் பஸ்சுக்குத் தாமதமாக வந்தால் 50 டாலர் அபராதம் என்று அப்போதே பத்திரிகைகளில் செய்தி வெளியானது.

பலன் இல்லாமல் போகவில்லை. கும்ப்ளே காலத்தில் இந்தியா ஆடிய 17 டெஸ்டுகளில் 12 வெற்றி, 4 டிரா. தோல்வி ஒன்றே ஒன்று. 2017 பிப்ரவரியில் புனேயில் ஆஸ்திரேலியாவிடம் 333 ரன் வித்தியாசத்தில் அடைந்த தோல்வி அது. அதற்குப் பதிலடி அடுத்த டெஸ்டிலேயே, சின்னசாமி ஸ்டேடியத்தில் கிடைத்தது. தமிழகத்தின் அஸ்வின் 41 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுக்க, 188 ரன் இலக்கை விரட்டிய ஆஸ்திரேலியா 112 ரன்னில் சுருண்டது.

விரிசல் எங்கே?

வெளியே வெற்றி முழக்கம். உள்ளே புகைச்சல்!

2017 மே மாதம், வீரர்களின் சம்பளத்தை உயர்த்த வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு நியமித்த நிர்வாகக் குழுவிடம் எடுத்துச் சொன்னவர் கும்ப்ளே. அதே மாதம் 25-ந் தேதி, சாம்பியன்ஸ் கோப்பை தொடங்கும் முன்பே, புதிய பயிற்சியாளர் தேவை என்று கிரிக்கெட் வாரியம் விளம்பரம் கொடுத்துவிட்டது. வேலையில் இருக்கும்போதே அந்த இடத்துக்கு ஆள் தேடினால், இருப்பவர் மனம் என்ன பாடுபடும்?

ஜூன் 18-ந் தேதி லண்டன் ஓவல் மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில், பாகிஸ்தானிடம் 180 ரன் வித்தியாசத்தில் இந்தியா தோற்றது. ஆலோசனைக் குழுவோ, கும்ப்ளேயே தொடரலாம் என்று கருதியது. ஆனால் 2 நாளில் அவர் விலகினார். தன் பாணியும், தான் பதவியில் நீடிப்பதும் கேப்டனுக்குப் பிடிக்கவில்லை என்பதை, அதற்கு முந்தைய நாள்தான் வாரியம் முதல் முறையாகத் தன்னிடம் தெரிவித்தது என்று அறிக்கையில் குறிப்பிட்டார்.

கேப்டன் விராட் கோலி விளக்கம் எதுவும் சொல்லவில்லை. டிரஸ்சிங் ரூம் விஷயம் வெளியே போகக் கூடாது என்று முடித்துக்கொண்டார். நிர்வாகக் குழுத் தலைவராக இருந்த வினோத் ராய், 2022-ல் வெளியான தன் நூலில் உள் விவரத்தை எழுதினார். கும்ப்ளே அளவுக்கு மீறிக் கண்டிப்பு காட்டுகிறார், இளம் வீரர்கள் அஞ்சுகிறார்கள் என்று தங்களிடம் புகார் வந்ததாம். தனக்கு நியாயம் வழங்கப்படவில்லை என்ற வருத்தம் கும்ப்ளேக்கு இருந்ததாம்.

இந்த இருவரும் புதியவர்கள் அல்ல. 2009-ல் பெங்களூர் ராயல் சேலஞ்சர்ஸ் அணியை ஐ.பி.எல். இறுதி ஆட்டம் வரை கொண்டுசென்ற கேப்டன் கும்ப்ளே. அந்த அணியில் ஆடிய இளைஞர் கோலி!

மற்ற இடங்களில்

கும்ப்ளேக்கு முன்பும் இப்படி நடந்தது உண்டு. 2005-ல் பயிற்சியாளராக வந்த ஆஸ்திரேலியாவின் கிரெக் சேப்பல், கேப்டன் கங்குலியைக் குறை கூறி வாரியத்துக்கு அனுப்பிய கடிதம் வெளியே கசிந்தது. கங்குலியின் கேப்டன் பதவி போனது. 2007 உலகக் கோப்பையில் இந்தியா முதல் சுற்றோடு வெளியேற, சேப்பலும் போனார்.

அமெரிக்காவில் 1997-ல் நடந்தது இன்னும் மோசம். கூடைப்பந்து வீரர் லாட்ரல் ஸ்பிரெவெல், பயிற்சியின்போது தன் பயிற்சியாளர் கார்லெசிமோவின் கழுத்தையே நெரித்துவிட்டார். 68 ஆட்டங்களில் ஆடத் தடை, சம்பளமும் இல்லை!

தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மிதாலி ராஜின் அனுபவம் வேறு. 2018-ல் 20 ஓவர் உலகக் கோப்பை அரை இறுதியில் அவர் சேர்க்கப்படவில்லை. பயிற்சியாளர் ரமேஷ் பவார் தன்னை அவமதித்ததாக வாரியத்துக்கு எழுதினார். பவாரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. சென்னையின் டபிள்யூ.வி. ராமன் அந்த இடத்துக்கு வந்தார். ஆனால் 2021-ல் பவார் திரும்பி வந்தபோது, பழையதைக் கிளறாமல் அவரோடு சேர்ந்து பணியாற்றினார் மிதாலி. 2022 உலகக் கோப்பையில் ஒருவர் கேப்டன், மற்றவர் பயிற்சியாளர்!

டிராவிட் காலம்

2021 நவம்பரில் இன்னொரு பெங்களூர்க்காரர் அந்தப் பொறுப்புக்கு வந்தார். ராகுல் டிராவிட்! பெங்களூர் தேசிய கிரிக்கெட் அகாடமியின் தலைவராக இருந்து, இளைஞர்களோடு பழகியவர். 2023 நவம்பரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தோல்வி கண்டார். 2024 ஜூன் 29-ந் தேதி பார்படாசில் 20 ஓவர் உலகக் கோப்பையை வென்று விடைபெற்றார். அந்த இறுதி ஆட்டத்தில் 76 ரன் குவித்து ஆட்ட நாயகன் ஆனவர் அதே கோலி.

கும்ப்ளே தவறு, டிராவிட் சரி என்று இதற்கு அர்த்தம் அல்ல. 17 டெஸ்டில் ஒரே தோல்வி என்பது கண்டிப்பின் கணக்கிலும் சேரும். குறை இருந்தது தவறல்ல. அதை உரியவரிடம் நேரில் சொல்லாமல் சுற்றி வளைத்து மேலிடத்துக்குக் கொண்டுபோனதுதான் வினை. கீழே இருப்பவர்கள் வாய் திறக்க அஞ்சும் இடத்தில், கண்டிப்பானவருக்கும் தன் நிலைமை தெரியாமல் போகிறது. மேஸ்திரியானாலும் மானேஜரானாலும், தன்னைப் பற்றிய புகாரைக் கடைசி ஆளாகக் கேட்க நேர்ந்தால், அதற்குள் காரியம் கைமீறிப் போயிருக்கும்.