சலங்கையும் சாவிக்கொத்தும்

கலைஞர் ஒருவர் தம் கலையையும் காத்து, பொது நிறுவனம் ஒன்றையும் தலைமையேற்று நடத்த இயலுமா? பெங்களூருக்கு அருகிலுள்ள நடனச் சிற்றூர் ஒன்றின் வரலாறு இக்கேள்விக்குச் சில விடைகளைத் தருகிறது.

பெங்களூருக்கு வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், ஹெசரகட்டா ஏரியை அடுத்து, கல்லாலும் மண்ணாலும் எழுப்பிய எளிய கட்டடங்கள் கொண்ட ஒரு சிற்றூர் இருக்கிறது. நடனம் பயில்வோரும் பயிற்றுவிப்போருமே அங்குக் குடியிருப்போர். உடற்பயிற்சியோடு தொடங்கும் அவர்களது நாள், மணிக்கணக்கான நடனப் பயிற்சியோடு தொடர்கிறது. சுற்றியுள்ள ஊர்களின் குழந்தைகளுக்கு வார இறுதியில் கட்டணமின்றி வகுப்பு நடக்கிறது. அதன் பெயர் நிருத்யகிராமம்.

கர்நாடக அரசு குத்தகைக்கு அளித்த 10 ஏக்கர் நிலத்தில், கட்டடக் கலைஞர் ஜெரார்ட் டா குன்யாவின் வடிவமைப்பில் இது உருவாயிற்று. 1990ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் அன்றைய பிரதமர் வி.பி. சிங் இதனைத் திறந்து வைத்தார். இதை நிறுவியவர் புரோதிமா பேடி.

26ஆம் வயதில் ஒரு தொடக்கம்

புரோதிமா இளமையிலேயே நடனம் பயின்றவர் அல்லர். மும்பையில் விளம்பர அழகியாகப் புகழ் பெற்றிருந்தவர். 1975ஆம் ஆண்டு, பூலாபாய் நினைவு மன்றத்தில் தற்செயலாக ஒடிசி நடனத்தைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 26. நடனம் கற்கத் தொடங்குவதற்கு அது மிகவும் காலந்தாழ்ந்த வயது. எனினும் கட்டக்கில் இருந்த குரு கேளுசரண் மகாபாத்ரரைத் தேடிச் சென்று மாணவியானார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பயின்று, இழந்த ஆண்டுகளை ஈடுசெய்தார். பின்னர்ச் சென்னைக்கு வந்து, அபிநயத்தில் தேர்ந்த கலாநிதி நாராயணனிடம் பாடம் கேட்டார்.

மேடையில் தமக்கென ஓர் இடத்தைப் பெற்ற பிறகும் அவர் அதனோடு நிறைவடையவில்லை. குருவும் மாணவரும் ஒரே இடத்தில் வாழ்ந்து கற்கும் பழைய குருகுல முறையை, கட்டணம் செலுத்த இயலாதோருக்கும் திறந்துவிட வேண்டும் என விரும்பினார். ஏழு செவ்வியல் நடனங்களுக்கும் ஏழு குருகுலங்கள் என்பது தொடக்கத் திட்டம். காலப்போக்கில் ஒடிசியே அவ்வூரின் மையமாயிற்று. எண்ணியது முழுவதும் கைகூடவில்லை. கைகூடியது வேரூன்றி நின்றது.

ஒரே பகல், இரண்டு பணிகள்

கலைஞர் ஒருவர் அறக்கட்டளைத் தலைவராகும்போது அவரது அன்றாட வாழ்வில் நேரும் மாற்றத்தை வெளியிலிருப்போர் எளிதில் உணர்வதில்லை. நில ஆவணங்கள், மின் இணைப்பு, ஊழியர் ஊதியம், மாணவர் உணவு, அரசு மானிய விண்ணப்பம், தணிக்கையாளருக்கான பற்றுச்சீட்டுகள், புரவலர்களைச் சந்தித்தல் என வேலைகள் வரிசையாக வந்து நிற்கும். இவை யாவும் காலக்கெடு உடையவை. இன்று செய்யாவிடில் நாளை அபராதம் வரும்; அல்லது அடுப்பு எரியாது.

பயிற்சிக்கோ அத்தகைய காலக்கெடு இல்லை. ஒருநாள் சலங்கை கட்டாவிட்டால் எவரும் கேட்கப்போவதில்லை. ஒரு மாதம் கட்டாவிட்டாலும் பார்வையாளர் கண்டுகொள்ளார். ஆனால் உடல் கண்டுகொள்ளும். அவசரமான வேலைகள் அவசரமற்ற பயிற்சியை ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகப் பின்னுக்குத் தள்ளுகின்றன. கலைக்கென்று நிறுவனம் தொடங்கியவரின் கலையே அந்நிறுவனத்துக்கு முதற்பலியாகும் அவலம் இவ்வாறுதான் நேர்கிறது.

வங்கி வழக்கில் சொல்வதாயின், கலைஞரின் பயிற்சி நேரம் என்பது முதல். அவரது பெயர், அதனால் வரும் அழைப்புகள், நன்கொடைகள் ஆகியவை வட்டி. வட்டியைக் கொண்டு நிறுவனத்தை நடத்தலாம். முதலை எடுத்துச் செலவிடத் தொடங்கினால், சில ஆண்டுகளில் வட்டியும் நின்றுவிடும்.

தோட்டம், விடுதி, விழா

நிதியைப் பொறுத்தவரை நிருத்யகிராமம் ஒரே ஊற்றை நம்பியிருக்கவில்லை. உணவுத் தேவைக்கெனத் தன் நிலத்திலேயே காய்கறிகளைப் பயிரிட்டது. 1992ஆம் ஆண்டில் அருகிலேயே குடீரம் என்னும் விடுதி எழுந்தது. பயணிகள் தங்குவதால் கிடைக்கும் வருவாய் நடனப் பள்ளிக்குத் துணையாக வேண்டும் என்பது அதன் நோக்கம். வசந்த ஹப்பா என்னும் இரவு முழுதும் நிகழும் இளவேனில் விழா, நாட்டின் சிறந்த இசை, நடனக் கலைஞர்களைத் திறந்தவெளி அரங்குக்கு அழைத்து வந்தது. நகரத்தாரும் சிற்றூராரும் பல்லாயிரவராகத் திரண்டு விடிய விடிய அமர்ந்து கண்டனர்.

ஆனால் விழா எவ்வளவு பெரிதாக வளர்கிறதோ அவ்வளவு செலவும் வளரும். 2004ஆம் ஆண்டுக்குப் பின் நிதிச் சுமையால் அவ்விழா தொடரவில்லை. இது இழப்பே, ஐயமில்லை. எனினும் விழா நின்றபோது பயிற்சி நிற்கவில்லை என்பது கருதத்தக்கது. எதை நிறுத்தினாலும் நிறுவனம் வாழும், எதை நிறுத்தினால் அது பொருளற்றுப் போகும் என்னும் தெளிவு இருந்தால்தான் நெருக்கடிக் காலத்தில் சரியானதைக் காக்க முடியும்.

சாவியைக் கைமாற்றுதல்

1997ஆம் ஆண்டில் தம் மகனை இழந்த புரோதிமா, படிப்படியாகப் பொறுப்புகளிலிருந்து விலகினார். துறவு மனநிலையோடு இமயமலைப் பகுதிகளுக்குச் சென்றார். 1998ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கைலாச மானசரோவர் யாத்திரையின் வழியில், மால்பா என்னுமிடத்தில் நேர்ந்த பெரும் நிலச்சரிவில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 49. நிருத்யகிராமம் தோன்றி எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

நிறுவியவரின் ஆளுமையையே அச்சாணியாகக் கொண்ட அமைப்புகள் இத்தகைய பேரிழப்பில் சிதறிவிடுவது வழக்கம். இது சிதறவில்லை. சாவியை அவர் முன்னரே கைமாற்றியிருந்தது அதற்கு முக்கியக் காரணம். தொடக்கக் கால மாணவியான சுரூபா சென் கலை இயக்கத்தை ஏற்றார். விஜயினி சத்பதி பல்லாண்டுகள் பயிற்சிப் பொறுப்பைச் சுமந்தார். பின்னர்த் தனிக் கலைஞராகத் தம் வழியில் சென்றார். நாடகத் துறையிலிருந்து வந்த ஒளியமைப்பாளர் லின் ஃபெர்னாண்டஸ் நிருவாகத்தைக் கையில் எடுத்தார். நடன அமைப்பு ஒருவரிடமும் நிருவாகம் மற்றொருவரிடமும் இருந்ததால், நடனமணிகளுக்குப் பயிற்சி நேரம் மிஞ்சியது. அக்குழு உலக மேடைகளில் பெயர் பெற்றது. இலங்கையின் சித்ரசேனா நடனக் குழுவோடு இணைந்து புதிய படைப்புகளையும் உருவாக்கியது.

ஹெக்கோடு காட்டும் மற்றொரு வழி

அதே கர்நாடகத்தில், சிவமொக்கா மாவட்டத்தின் ஹெக்கோடு என்னும் சிற்றூரில் 1949ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது நீலகண்டேஷ்வர நாட்டிய சேவா சங்கம். சுருக்கமாக நீநாசம் என்பர். அதன் உயிர்நாடியாக விளங்கிய கே.வி. சுப்பண்ணா எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பாளர், நாடக ஆர்வலர். பாக்குத் தோட்டம் கொண்ட வேளாண் குடும்பத்தவர். தம் பிழைப்புக்கு மேடையை நம்பியிராத ஒருவர் சங்கத்தை அவசரமின்றி வளர்க்க முடிந்தது.

1980ஆம் ஆண்டில் நாடகப் பயிற்சிப் பள்ளியும், 1985ஆம் ஆண்டில் ஊர் ஊராகச் செல்லும் திருகாட்ட நாடகக் குழுவும் அங்குத் தோன்றின. பயின்ற மாணவர்க்குக் குழு மேடையளித்தது. ஆங்காங்குள்ள அமைப்பாளர்கள் குழுவை அழைத்து நடத்தினர். 1991ஆம் ஆண்டு சுப்பண்ணாவுக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. 2005ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னும் பணி தொடர்கிறது.

ஹபீப் தன்வீரின் நயா தியேட்டரையும் இங்கு நினைவுகூரலாம். சத்தீஸ்கரின் நாட்டுப்புறக் கலைஞர்களோடு அவர் அரை நூற்றாண்டு நாடகம் நடத்தினார். அக்குழுவை நிறுவியதிலும் நடத்தியதிலும் துணைவியார் மொனீகா மிஸ்ராவுக்குப் பெரும் பங்குண்டு. பல கலைக் குழுக்களில் சாவிக்கொத்து இவ்வாறு குடும்பத்தார் ஒருவரிடமே இருக்கிறது. அவர்களுடைய உழைப்புக்குப் பெயரும் இல்லை, ஊதியமும் இல்லை. அதனைக் கணக்கில் கொள்ளாமல் கலைஞரின் தியாகத்தை மட்டும் போற்றுவது முறையாகாது.

உங்கள் ஊர்ச் சபாவுக்குச் சில குறிப்புகள்

நம் வாடிக்கையாளர்களுள் ஊர்ச் சபா, நாடகக் குழு, சிறுவர் இசைப் பள்ளி ஆகியவற்றை நடத்துவோர் உள்ளனர். அவர்கள் கருத வேண்டியவை இவை.

பணத்தைப் பிரித்து வையுங்கள். உங்கள் கச்சேரிச் சன்மானம் உங்கள் சேமிப்புக் கணக்குக்கும், நன்கொடை அறக்கட்டளைக் கணக்குக்கும் செல்லட்டும். அறக்கட்டளைக் கணக்கை இருவர் கையொப்பத்தோடு இயக்குவது உங்களுக்கே பாதுகாப்பு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தரப்படும் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடையாது என்பதை நன்கொடையாளர்க்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்குத் தனி அனுமதி தேவை. அப்பணம் புது தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் இதற்கெனத் தொடங்கும் கணக்கிலேயே முதலில் வந்து சேர வேண்டும்.

உங்கள் உழைப்புக்கும் விலை குறியுங்கள். அறக்கட்டளை ஆவணம் இடங்கொடுக்குமாயின், நீங்கள் கற்பிக்கும் வகுப்புகளுக்கு நியாயமான ஊதியம் பெறுவதில் இழுக்கில்லை. அதனைத் தீர்மானமாக எழுதி வையுங்கள். மிகையாகப் பெற்றால் வரிவிலக்குக்கே ஊறு நேரும். ஒன்றுமே பெறாவிட்டால், நாளை உங்கள் இடத்துக்கு வருபவருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது எவருக்கும் தெரியாமற்போகும்.

சேமநிதி சேருங்கள். நல்ல ஆண்டின் மிச்சத்தை அடுத்த ஆண்டின் பெரிய விழாவுக்குச் செலவிடும் ஆசை எழும். அதற்கு முன், ஆறு மாத ஊதியத்துக்கும் வாடகைக்கும் போதுமான தொகையை நிரந்தர வைப்பில் இடுங்கள்.

நேரத்துக்கும் எல்லை வகுங்கள். காலைப் பொழுது பயிற்சிக்கு என்றால், குழுக் கூட்டமும் வங்கி வேலையும் பிற்பகலில் அமையட்டும். இதனை உங்கள் மனத்துக்குள் மட்டும் வைத்திராமல் நிருவாகக் குழுவின் தீர்மானமாகவே பதியலாம்.

கடைசியாக, சாவி யாரிடம் போகும் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். தனிநபர் கணக்குக்கு உள்ளது போன்ற நியமனதாரர் வசதி அறக்கட்டளைக் கணக்குக்கு இல்லை. கையொப்பமிடுவோர் மாறினால் உரிய தீர்மான நகலோடு வங்கியில் உடனே பதிய வேண்டும். நிறுவனர் மறைந்த மறுமாதமே ஊதியம் வழங்க இயலாமல் குழு தவிப்பதை இச்சிறு நடவடிக்கை தவிர்க்கும்.

ஹெசரகட்டாவில் இன்றும் பயிற்சி நடக்கிறது. அங்கு ஆடுவோருள் இளையோர் பலர் புரோதிமாவை நேரில் கண்டிருக்க மாட்டார்கள். அவர் கட்டிய வீட்டில், அவருடைய குருவிடமிருந்து வழிவழியாக வந்த நடனத்தை அவர்கள் பயில்கிறார்கள். தாம் இல்லாதபோதும் காலையில் சலங்கை ஒலிக்க வேண்டும் என்று கருதும் கலைஞர், தம்மால் இயலும் நாளிலேயே சாவிக்கொத்தைத் தகுந்த கைகளில் ஒப்படைத்துவிடுவது நன்று.